மாடி வீட்டு நார்வேக்காரரின் வாத்தியத்தில் நான் செய்தது

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருஷம் தள்ளிப்போட்டேன். இரண்டு தடவை நோட்டு வாங்கி முதல் பக்கத்தோடு நிறுத்தினேன். ஒரு தடவை எழுதிய தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்து, அதைச் சட்டையோடு துவைத்தும் விட்டேன். நான் படித்தது பத்தாவது. அதற்குமேல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். எழுதிப் பழக்கம் என்றால் ஷிப்ட் லாக்புக்கில் எழுதியதுதான்: எந்த மெஷின் நின்றது, ஏன் நின்றது, என்ன செய்தோம். இதையும் அப்படித்தான் எழுத வரும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் தன்னுடைய காது போய்விட்டது என்று நம்பினார். நாற்பது வருஷத்துக்கு மேல் செய்த தொழிலை அந்த நம்பிக்கையில் விட்டார். அவர் காது போகவில்லை என்று எனக்குத் தெரியும். நான் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வீடு மத்திகிரியில். கீழே நாங்கள், மாடி வாடகைக்கு. மகளைக் கிருஷ்ணகிரியில் கட்டிக்கொடுத்த பிறகு நானும் என் மனைவியும் மட்டும்தான். நான் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸில் இருந்தேன். நார்வே நாட்டிலிருந்து ஒரு அம்மா வேறொரு கம்பெனிக்கு இன்ஜினியராக வந்திருந்தார். முதலில் பெங்களூரில்தான் அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறார்கள். தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் அந்த அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் போயிற்று. அவருடைய கணவர் வாசிக்கிற வாத்தியத்துக்கு அக்கம்பக்கத்தில் புகார் வந்தது. அதனால் மாட்டுப்பண்ணை மரங்களுக்குப் பக்கத்தில், சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லாத வீடு தேடி எங்கள் மாடிக்கு வந்தார்கள்.

வாத்தியம் ஆளைவிட உயரமான ஒரு பெட்டியில் வந்தது. நாலு பேர் படியில் தூக்கினார்கள். ஒருத்தர் மூச்சு வாங்கிக்கொண்டே, "உள்ள ஆளு கீளு இருக்காங்களா பாய்?" என்று கேட்டார். மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்கிப்போகும் சந்தூக் பெட்டி போல இருக்கிறது என்று என் மனைவி சொல்ல, நான் அதட்டினேன். பெட்டியைத் திறந்தபோது வயலினைப் பத்து மடங்கு ஊதி நிறுத்தியது போல இருந்தது. டபுள் பேஸ் என்றார் அந்த அம்மாவின் கணவர். ஜாஸ் என்கிற வகை இசையில் அடியில் ஓடுகிற சத்தம் அதனுடையது. அதுதான் அவர் தொழில். வாசிப்பதும், புதிதாக இசை எழுதுவதும்.

எங்கள் வீட்டில் பாட்டு வைப்பது கிடையாது. இது சரியா என்று எனக்குள்ளேயே ஒரு கேள்வி இருந்தது. குடிவந்த வாரமே மேலே போய், பாங்கு நேரத்திலும் தொழுகை நேரத்திலும் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தன் போனில் தொழுகை நேரம் காட்டுகிற ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டார். பாங்குக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே நிறுத்துவார். இருந்தவரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் முதல் ஷிப்ட் முடித்து வந்து, அஸர் தொழுது, டீ குடிக்கிற நேரத்தில் மேலே ஆரம்பிக்கும். சூரியன் மறைந்து மக்ரிப் வரும் வரை போகும்.

கீழே எங்களுக்கு அது பாட்டாகக் கேட்காது. பீரோ கைப்பிடியில் கேட்கும். அலமாரியில் கவிழ்த்த டம்ளர்களில் கேட்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஒரு நாள் கேட்டுக்கு வந்து, "மோட்டார ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா பாய், டேங்க் ரொம்பி வழியப் போவுது" என்றார். அவரை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினோம். சிரித்துவிட்டுப் போனார். பிறகு தெருவில் நார்வேக்காரரை மோட்டார்காரர் என்றே சொன்னார்கள். அவரிடம் அதைச் சொன்னேன். நல்ல பேர் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். என்னுடையது கம்பெனி இங்கிலீஷ். அவர் எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசுவார். என்னை எல்லாரும் கூப்பிடுவதைப் பார்த்து அவரும் பாய் என்றே கூப்பிட்டார். நான் சார் என்பேன்.

அவர் பிறந்தது கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் ஃபிட்டர். அது தெரிந்த அன்று நான் என் கையை நீட்டிக் காட்டினேன், அவரும் தன் அப்பா கையில் இந்த இடத்தில் இதே காய்ப்பு இருந்தது என்று தொட்டுக் காட்டினார். பள்ளிக்கூட பேண்டில் யாரும் தூக்க விரும்பாத வாத்தியமாக இது மூலையில் கிடந்திருக்கிறது. உயரமாக இருந்ததால் இவர் தலையில் கட்டினார்கள். பத்தொன்பது வயதில், டென்மார்க்குக்குப் போய்வரும் பயணக் கப்பலில் வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்னால் பயணிகள் ஆடுவதற்கு வாசிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் வாத்தியத்தைத் தூணோடு கயிற்றில் கட்டிவிட்டு, தானும் அதைப் பிடித்துக்கொண்டு வாசித்ததாகச் சொன்னார். அந்தக் கப்பலில்தான் பியானோ வாசிக்கிற நண்பர் கிடைத்தார்.

இரண்டு பேரும் கப்பலை விட்டுத் தலைநகருக்குப் போனார்கள். டிரம்ஸுக்கு ஒருவரைச் சேர்த்து மூன்று பேராக ஊர் ஊராக வாசித்தார்கள். வேன், பனி, ரொட்டி, பூட்டிக் கிடந்த ஹோட்டல்கள் என்றுதான் அந்த வருஷங்களைச் சொன்னார். பெரிய பெயர்க்காரர்களின் ரிக்கார்டுகளில் வாசித்திருக்கிறார். ஒரு நாள் சிலதைக் கொண்டுவந்து காட்டினார். கண்ணாடி போட்டுத் தேடியதில் அட்டையின் பின்பக்கம் கடைசி வரியில் அவர் பெயர் இருந்தது. நாடகங்களுக்கு இசை எழுதினார். அவர் ஊர்த் தேவாலயத்துக்கு ஒன்று எழுதினார். தன் பெயர் முன்பக்கம் வருகிற மாதிரி ஒரே ஒரு ரிக்கார்டு. அது வெளிவந்ததே யாருக்கும் தெரியவில்லை என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். தன் ஊர்சுற்றலை மனைவி முப்பது வருஷம் பொறுத்துக்கொண்டாள், இப்போது அவள் வேலைக்குப் பின்னால் தான் வந்திருப்பதாகச் சொன்னார்.

"கேக்கிறவங்க யாரும் என்னைக் கேக்கிறதில்ல பாய். நான் நிறுத்தினாத்தான் திரும்பிப் பாப்பாங்க" என்று ஒரு நாள் சொன்னார். எங்கள் மெயின்டெனன்ஸும் அதேதான், லைன் ஓடுகிற வரைக்கும் எங்கள் முகம் யாருக்கும் தெரியாது என்றேன். அதை அவர் மனைவியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மறுநாள் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

இரண்டாவது வருஷம் பியானோ நண்பருக்குக் கை நடுக்க நோய் என்று தெரிந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு மேல் வாசிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் அந்த நண்பருக்காகப் பியானோவும் பேஸும் மட்டும் சேர்கிற எட்டு உருப்படிகள் எழுதினார். மாட்டுப்பண்ணை வேலியோரமாக நடந்து நடந்து எழுதினார். அவர் மனைவியின் கம்பெனி டிராயிங் தாள்களின் பின்பக்கத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். எட்டையும் அனுப்பினார். நண்பர் கை ஒத்துழைக்கிற நாளாகப் பார்த்து, படுத்து எழுந்து, தன் பங்கை அங்கே பதிவு செய்து முடித்தார். பேஸ் பாக்கி. அதை இங்கே மாடியிலேயே பதிவு செய்து சேர்த்துவிடலாமாம். நண்பர் உயிரோடு இருக்கும்போதே முழுசாகக் கேட்க வேண்டும். இவருக்கு அந்த ஒரே கவலைதான்.

மாடி அறைச் சுவரெல்லாம் கனத்த ரஜாய் போர்வைகளைத் தொங்கவிட்டு மைக் வைத்தார். பதிவு நேரத்தில் நாங்கள் மோட்டார் போடமாட்டோம். என் மனைவி மிக்ஸியை நிறுத்திவைத்து, முடிந்ததா என்று மேலே பார்த்துக்கொண்டே இருப்பாள். ஐந்து முடிந்தது. மூன்று பாக்கி இருக்கும்போது அந்த அம்மாவின் தாயார் அங்கே மவுத்தாகிவிட்டார். இரண்டு பேரும் ஆறு வாரத்துக்கு ஊருக்குக் கிளம்பினார்கள்.

போகும்போது மாடிச் சாவியை என்னிடம் கொடுத்தார். இங்கே ஏப்ரலில் காற்று காய்ந்துபோகும், மரம் காய்ந்தால் வெடிக்கும், அதனால் அறையில் தினமும் பக்கெட்டில் தண்ணீரும் ஈரத்துணியும் வைக்க வேண்டும் என்றார். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். நான், இது எங்களிடம் அமானிதம் என்றேன். நம்பி ஒப்படைத்த பொருள், அதைக் கொடுத்தபடியே திருப்பித் தராவிட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். அவர் அந்த வார்த்தையை நோட்டில் எழுதிக்கொண்டார்.

தினமும் தண்ணீர் வைத்தேன். மூன்றாவது வாரம் துணியைப் பிழியும்போது வாத்தியத்துக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம். மறுநாளும் வந்தது. எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை ஷட்டவுன் வரும். பத்து நாள் மெஷின் ஓடாது. அப்போது முதல் வேலை, எல்லா பெல்ட்டையும் தளர்த்திவிடுவது. இழுத்தபடியே நின்றால் பெல்ட்டும் கெடும், பேரிங்கும் கெடும். இருபத்தாறு வருஷம் அதைச் செய்த கை. இந்த வாத்தியத்தில் நாலு தடித்த கம்பிகள் முறுக்கேறி நிற்கின்றன, ஆறு வாரம் வாசிக்க ஆளில்லை, மரம் முனகுகிறது. தளர்த்திவிடுவதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மவுத்து வீட்டில் இருப்பவரை இதற்குப் போய்க் கேட்பானேன் என்று விட்டேன்.

கம்பி முறுக்குகிற இடத்தில் பித்தளையில் சின்னத் திருகுப் பல்சக்கரம், வொர்ம் கியர், இருந்தது. அழகான வேலை. மார்க் போடாமல் எதையும் கழற்றக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். நாலு முறுக்காணியிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். எதை எத்தனை சுற்று தளர்த்தினேன் என்று சீட்டில் எழுதினேன். நாலாவது கம்பி தளர்ந்ததும், கம்பிகளைத் தாங்கி நின்ற மரத்துண்டு சாய்ந்து என் கையில் விழுந்தது. அதே நேரம் வயிற்றுக்குள் 'டொக்' என்று ஒன்று விழுந்து உருண்டது.

டார்ச் அடித்து, மேல்பலகையில் வெட்டியிருந்த துளை வழியாகப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனில் ஒரு குச்சி கிடந்தது. பிறகு போனில் தேடிப் படித்துத்தான் தெரிந்தது. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் அது நிற்கிறது. பசை கிடையாது, ஆணி கிடையாது. கம்பிகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. அது ஒரு நூல் தள்ளி நின்றாலும் சத்தம் மாறிவிடும். வெளியே எல்லாவற்றுக்கும் மார்க் போட்ட நான் உள்ளே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் கழற்றியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பயம் வந்ததாக எழுத வேண்டும். வரவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்து சாப்பிட்டேன். இரண்டாவது நாள் கம்பெனி ஸ்கிராப்பில் ஒரு எஸ்.எஸ். ராடு எடுத்து, நுனியைத் தட்டி, வைஸில் வளைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. துளை வழியாக அந்த ராடை விட்டுக் குச்சியைக் குத்தித் தூக்கி நிறுத்தினேன். கீழ்ப்பலகையில் அது நின்ற தழும்பு தெரிந்தது. மேலே தெரியவில்லை. சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்து, துளியும் சாயாமல் செங்குத்தாக நிறுத்தினேன். ஃபிட்டர் அப்படித்தான் நிறுத்துவான். விழுந்த மரத்துண்டைப் பழைய தழும்பில் வைத்து, சீட்டில் எழுதியபடி சுற்று எண்ணி முறுக்கினேன். சாக்பீஸைத் துடைத்தேன். பார்க்க எல்லாம் பழையபடி இருந்தது.

அவர்கள் மே மாதத்தில் வந்தார்கள். மறுநாள் அஸருக்குப் பின் மேலே சத்தம் ஆரம்பித்தது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. நின்றது. ஒரு வாரம் இப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமை கீழே வந்தார், உட்காரவில்லை.

"பாய், நாங்க இல்லாதப்போ அதுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"தெனமும் தண்ணி வச்சேன் சார்."

"விழுந்துச்சா? யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்ல சார்."

இதுதான் நான் சொன்ன பொய். லாக்புக்கில் எழுதுகிற மாதிரி இதையும் எழுதிவைக்கிறேன். அவர் தலையாட்டினார். என்னை அவர் சந்தேகப்படவில்லை. நான் அமானிதம் என்று சொன்னவன், அவர் அப்பாவைப் போல ஃபிட்டர். பொருள் சரியாக இருக்கிறது, ஆள்தான் கெட்டுவிட்டான் என்ற முடிவுக்கு அவர் போய்விட்டார். வயது அறுபத்து நாலு. மாமியார் சாவு, பயணம், விமானத்தில் காது அடைப்பு என்று ஒவ்வொன்றாகக் காரணம் தேடினார். பெங்களூரில் காது டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு கோட்டுப்படம் எடுத்துக் கொடுத்தார். வயதுக்குத் தகுந்த தேய்மானம் என்று அதில் இருந்திருக்கிறது. அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் அந்தத் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஐந்து உருப்படிகள் பழைய சத்தத்தில் இருக்கின்றன, மீதி மூன்றை இந்தச் சத்தத்தில் வாசித்தால் சேராது, அதைச் சரியாகக் கேட்கவும் என்னால் முடியவில்லை என்று நண்பருக்கு எழுதிவிட்டார். அவர் மனைவி வந்து என் மனைவியிடம் சொல்லி அழுதார்.

அன்று சாயங்காலம் நான் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். குச்சியை நிறுத்தும்போது டார்ச் பிடித்ததே அவள்தான்.

"அந்த மனுசன் காது போச்சுன்னு டாக்டரு ஊட்டுக்கு நடக்கறாரு. நீங்க இங்க மணி உருட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எண்ணிக்கை சரியா வருதாங்க?"

மறுநாள் பள்ளிவாசலில் இமாம் ஹஜ்ரத்திடம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். என் கம்பெனியில் ஒருத்தர், அமானிதப் பொருளில் இப்படி ஒரு தவறு செய்துவிட்டார், பொருள் முழுசாக இருக்கிறது, அவர் சொல்லத்தான் வேண்டுமா என்று. ஹஜ்ரத் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ஒருத்தர்கிட்ட சொல்லுங்க பாய், ரெண்டு ரக்அத் தொழுதுட்டு நேரா மாடிப்படி ஏறச் சொல்லுங்க" என்றார். மாடி என்று நான் சொல்லவே இல்லை.

தொழுதேன். படி ஏறவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் போயின. மேலே சத்தம் இல்லை. டம்ளர்கள் சும்மா இருந்தன. வேலைக்குப் போனேன், வந்தேன், அஞ்சு நேரமும் தொழுதேன். துஆ என்று அல்லாஹ்விடம் கேட்கக் கை தூக்கினால் வாயில் ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. என் மனைவி மிக்ஸியை இஷ்டத்துக்குப் போட்டாள். அதை வேண்டுமென்றே செய்தாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் மதியம் அவர் என்னைக் கூப்பிட்டார். வாத்தியத்தை விற்கப் போகிறார். நெட்டில் போடப் படம் எடுக்க வேண்டும். மொட்டை மாடி வெளிச்சத்தில் நிறுத்தி நான் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தேன். கழுத்தைச் சுற்றி என் இடது கை. அவர் குனிந்து போனில் பார்த்து, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்றார். சிரிக்க வேண்டாம் பாய், நீங்கள் விற்பனைக்கு இல்லை என்றார். நான் சிரிக்கவில்லை. அவர்தான் தமாஷ் செய்து பார்த்தார்.

"சார், நான் தொறந்தேன்" என்றேன்.

புரியவில்லை. கம்பியைக் காட்டினேன். தளர்த்துகிற மாதிரி கையைச் சுற்றினேன். உள்ளே குச்சி விழுந்தது, நான் நிறுத்தினேன், உங்களுக்குக் காது நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

போனைக் கீழே இறக்கினார்.

"எப்போ?"

"ஏப்ரல்."

விரலில் எண்ணினார். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.

"நான் காது டாக்டர்கிட்ட போனது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் டீ குடுத்தீங்க."

ஆமாம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் டீ கொடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. வாத்தியத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் மொட்டை மாடியிலேயே நின்றேன். போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அஸர் பாங்கு சொன்னதும் இறங்கிவிட்டேன்.

அந்த மூன்று உருப்படிகளும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன. ஜூலையிலேயே அங்கே வேறொருவர் பேஸ் வாசித்துக் கொடுத்துவிட்டார். நண்பரின் நிலைமை அப்படி, காத்திருக்க முடியவில்லை. இதை அவர் மனைவிதான் படியில் நின்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கீழே வந்தார். கையில் ஒரு வளைந்த கம்பி. நான் ஸ்கிராப்பில் செய்தது போலவே, ஆனால் கடையில் வாங்கியது, பளபளவென்று. தன் ஊரில் ஒரு ரிப்பேர்க்காரர் அந்தக் குச்சியைச் சாய்த்து நிறுத்தியிருந்தார், அவர் இப்போது இல்லை, அதற்குப் பிறகு யாரையும் தொடவிட்டதில்லை என்றார். எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு என்று அவருக்குத் தெரியாது. வாசிக்கும்போது தன் காது வாத்தியத்தோடு ஒட்டி இருக்கும், இப்போது தன் காதையும் தன்னால் நம்ப முடியவில்லை என்றார்.

"நீங்க ரெண்டு வருசம் கீழ இருந்து கேட்டிருக்கீங்க. அதே எடத்துல உக்காருங்க. நான் நகர்த்தறேன். சரியான எடம் வந்தா சொல்லுங்க."

பாட்டுக் கேட்காத என்னைப் போய்க் கேட்கச் சொன்னார். ஹாலில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். மேலே வாசிப்பார், நிறுத்துவார், போனில் "பாய்?" என்பார். நான் இல்லை என்பேன். கம்பியைத் தளர்த்தி, குச்சியை நகர்த்தி, மறுபடி முறுக்கி, மறுபடி வாசிக்க ஒவ்வொரு தடவையும் நேரம் பிடித்தது. ஒன்று சத்தமாக இருந்தது. ஒன்று டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருந்தது. ஒன்றில் டம்ளர்கள் அதிர்ந்தன, பீரோ அதிரவில்லை. என் மனைவி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

மக்ரிப்புக்குக் கொஞ்ச நேரம் இருந்தபோது வந்த சத்தத்துக்கு, "ஆமா சார், இதுதான்" என்றேன்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அது அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தினதும் அப்படித்தான் இருந்தது போல இருந்தது. களைத்துப் போயிருந்தேன். முடிந்தால் போதும் என்று சொன்னேனா, உண்மையிலேயே கேட்டுத்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் மேலே வாசிக்க ஆரம்பித்தார். பாங்குக்கு இரண்டு நிமிஷம் முன்னால் நிறுத்தினார். சரியாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாத்தியத்தை விற்கவில்லை என்பது மட்டும் தெரியும். மறு வருஷம் அந்த அம்மாவின் வேலை முடிந்து கிளம்பியபோது அதே பெட்டியில் போனது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

போகும்போது அவர் என் மனைவியிடம் இரண்டு கையும் கூப்பிச் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் கை கொடுத்தார். வழக்கம்போல இருந்தது.

நண்பர் மவுத்தாவதற்கு முன் எட்டையும் கேட்டுவிட்டாராம். அந்த அம்மா செய்தி அனுப்பினார், கூடவே கேட்பதற்கு ஒரு லிங்க்கும் அனுப்பினார். ஐந்தில் இவர், மூன்றில் வேறொருவர். எது எது என்று அதில் போடவில்லை. என் வாழ்க்கையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்ட இசை அது ஒன்றுதான். எந்த மூன்று மற்றவருடையது என்று கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மனசுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டு, தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளு செய்யப் போனேன்.

இப்போது எழுதக் காரணம் இதுதான். ஹஜ்ரத் என்னிடம் பிறகு முழுக் கதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். போன ரமலானில் அமானிதம் பற்றிப் பயான் உரை செய்யும்போது, பெயர் சொல்லாமல் இதைச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதில் அந்த வெள்ளைக்காரர் அழுது என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மன்னித்தேன் என்றார். இப்படிப்பட்ட உண்மையானவரை என் நாட்டில் பார்த்ததில்லை என்றார். அந்த பயானின் ஆடியோ கிளிப் தருமபுரி, சேலம் வரைக்கும் போய், என் மருமகன் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலேயே திரும்பி வந்தது. கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்று போட்டிருந்தார்கள். ஒருவர் இன்னும் கொஞ்சம் சேர்த்து, அந்த வெள்ளைக்காரர் நார்வே போய் மூன்று உருப்படியையும் திரும்ப வாசித்து வெளியிட்டதாக எழுதியிருந்தார்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் அழுததை நான் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, எனக்கு அது வாயில் வரவில்லை. வேறொருவர் வாசித்த மூன்றும் வேறொருவர் வாசித்ததாகவே இருக்கின்றன. நான் ஒரு நல்ல மனிதனின் கதையில் வருகிற ஆளாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். அவருடைய நான்கு மாதம் அந்தக் கதையில் இல்லை.

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது அனுப்பினால் இருக்கிறபடியே அனுப்புங்கள். அவர் என்னைக் கட்டிப் பிடித்ததாகச் சேர்க்காதீர்கள். "இல்ல சார்" என்று நான் சொன்னதை எடுத்துவிடாதீர்கள். "இதுதான்" என்று சொன்னது எனக்கே நிச்சயமில்லை என்பதையும் எடுத்துவிடாதீர்கள். சொல்லுகிற பயானுக்கு அது இடைஞ்சலாக இருந்தால், தயவுசெய்து வேறு கதை பாருங்கள்.